ஆள் பார்க்க வந்த கன்சோல்

புது கேம் கன்சோலை வெளியாகும் அன்றே வாங்கிவிடத் துடித்தான் சிவநேசன். எட்டு மாத வயிற்றோடு இருந்த மனைவி மஞ்சரிக்குச் சம்மதமில்லை. “முதல் மாடல்ல எப்பவும் குறை இருக்குங்க. கொஞ்சம் பொறுங்க, சரிபண்ணி அடுத்தது விடுவாங்க.”

அவன் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துத் தனக்குப் பிடித்தால்தான் கன்சோல் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் கடைக்காரர் அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துவந்தார். மஞ்சரி பஜ்ஜியும் கேசரியும் கொடுத்தாள். கன்சோலின் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

“பையனை ஒரு கேம் ஆடச் சொல்லுங்களேன்” என்றது கன்சோல், கடைக்காரரிடம்.

சிவநேசன் தலைகுனிந்து ஆடினான். முதல் பள்ளத்திலேயே மூன்று முறை விழுந்து செத்தான்.

“கை நடுங்குது. சோடாபுட்டிக் கண்ணாடி வேற” என்றது கன்சோல்.

“எங்க வீட்டுக்காரருக்கு என்ன குறைச்சல்?” என்று சீறினாள் மஞ்சரி.

“கோவப்படாதீங்கம்மா. முதல் மாடல்னா குறை இருக்கத்தான் செய்யும்” என்ற கன்சோல், தன் கேமராவை மெல்ல அவள் வயிற்றுப் பக்கம் திருப்பியது.

“நாங்க பொறுத்தே பாக்குறோம். அடுத்தது எப்ப வெளியாகுது?”