ஏழு நாள் ரயில்

ஏட்டு ஜெய்னுலாபுதீன் நீட்டிய தபால் கார்டைப் படித்ததும் இளையபெருமாளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

'இளையபெருமாள் மகள் அம்சவல்லி, வயலில் குழாய் பதிக்க வந்த வண்டியை மறித்துக் கண்ணாடியை உடைத்தவள். கேஸுக்குப் பயந்து ரஷ்யாவுக்குத் தப்பி ஓடப் பார்க்கிறாள். பாஸ்போர்ட் கொடுக்காதீர்கள். இப்படிக்கு, உண்மை விளம்பி.'

எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது.

"மொட்டைக் கடுதாசிதான். ஆனா வந்துட்டா விசாரிக்காம விட முடியாதுங்க" என்றார் ஏட்டு. "அன்னிக்கு வண்டி ஒடைஞ்சது நெசம். போராட்டக் கமிட்டித் தலைவர் ஒங்க ஊர் இராஜாங்கம்தானே? 'அந்தப் பொண்ணு வரவே இல்ல'ன்னு அவர் எழுதிக் குடுத்தா, இன்னிக்கே ரிப்போர்ட் அனுப்பிடுறேன்."

இராஜாங்கமா! இளையபெருமாளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

பூதலூர் பக்கம் இரண்டு பேர் வயலும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிற சாக்கில் இராஜாங்கம் வரப்பை இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளுவார். இவர் மறுநாளே மண்வெட்டியோடு போய் அந்தப் பக்கம் தள்ளுவார். பதினொரு வருஷமாக வரப்புதான் நகர்கிறதே தவிர, கோர்ட்டில் வழக்கு நகரவில்லை.

அந்த ஆத்திரத்தை என் புள்ள மேல காட்டிட்டானே, படுபாவி!

அம்சவல்லி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஒரு வருஷம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாஸ்கோவிலிருந்து ரஷ்யாவின் மறுகோடி வரை ஒரே ரயில், ஏழு நாள், ஒண்டியாக! வந்த அன்றே வாசலில் மேப்பை விரித்து ஊரையே கூட்டி விளக்கினாள். மகளிர் குழு சால்வை போர்த்தியது. அம்மா நீலாம்பாள் ஏழு நாளைக்குப் புளிச்சோறு தாங்குமா என்று அக்கம்பக்கம் விசாரித்தாள். இளையபெருமாளோ டீக்கடையில் ரஷ்யாவைத் தவிர வேறு பேசுவதில்லை.

கடுதாசி விஷயத்தைச் சொன்னபோது அம்சவல்லி சோற்றைப் பிசைந்தபடி, "விடுங்கப்பா. இதுக்காகப் போயி யாருகிட்டயும் நிக்காதீங்க. நான் போகாட்டி ரயில் ஓடாதா?" என்றாள்.

பெற்ற மனசு கேட்குமா? எவ்வளவு வேதனையை உள்ளே வைத்துக்கொண்டு பேசுகிறது பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இராஜாங்கம் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, சண்டைன்னா என்னோட மோது. புள்ள பாஸ்போர்ட்டுல ஏன் கைய வைக்கிற?"

"நானா? அண்ணே, நான் எழுதுனா ஆதார் நம்பரோட கையெழுத்துப் போட்டு எழுதுவேன்!"

"சரி, எவனோ எழுதுனான். அவ வரலன்னு நீ எழுதிக் குடு."

இராஜாங்கம் மீசையைத் தடவினார். வரப்பு இருந்த திசையை ஒரு பார்வை பார்த்தார். "எழுதலாம்..." என்று இழுத்தார்.

"எடுத்துக்கய்யா! இந்த வருஷம் நீ எங்க அண்டை வெட்டுறியோ அதான் வரப்பு. கேஸயும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

 இராஜாங்கம் அங்கேயே பேப்பர் வாங்கி எழுதிக் கொடுத்தார், ஆதார் நம்பரோடு.

பதினைந்தாம் நாள் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. நீலாம்பாள் சூடம் ஏற்றினாள். அம்சவல்லி மட்டும் அதைக் கையில் வாங்கியவள், அப்படியே தரையில் உட்கார்ந்து கோவென்று அழுதாள்.

"அட, சந்தோசத்துல அழுவுறியா? வரப்பு போனாப் போவுதும்மா. நீ ஜம்முன்னு ரயில் ஏறு!"

"அய்யய்யோ, வரப்பையா குடுத்தீங்க?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சு, ஒண்டியாப் போகப் பயமா இருக்குன்னு இப்ப எப்படிச் சொல்றதுன்னு, இடது கையால அந்தக் கடுதாசிய எழுதுனதே நான்தாம்பா!"