சத்தம் மட்டும் வரலை

"ரீட்டா! இங்கிட்டு வா. ஸ்பீக்கர் ஊமையாப் போச்சு!"

அருள்தாஸ் போட்ட கூச்சலில், அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ரீட்டா கத்தியோடு ஓடி வந்தாள்.

"நேத்து நல்லாத்தானேங்க பாடிச்சு?"

"பாடிச்சு. காலையில நான்தான் அதோட ட்ரைவரை அப்டேட் பண்ணேன்."

"எதுக்கு?"

"இன்டர்வியூவாச்சே, எல்லாம் புதுசா இருக்கட்டும்னு..."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்காவது சங்கு ஊதத் தெரிந்திருக்கும் என்று அருள்தாஸ் தன்னையே நொந்துகொண்டான்.

பதினோரு மணிக்கு, அதாவது இன்னும் ஐந்தே நிமிஷத்தில், அவனுக்கு ஆன்லைன் நேர்காணல். சென்னைக் கம்பெனி. பிரிண்டர் ஓடவில்லை, ஸ்கேனர் தெரியவில்லை என்று போன் செய்கிறவர்களுக்கு, அவற்றை இயக்குகிற ட்ரைவர் என்னும் மென்பொருளில் எதை எப்படிப் போடுவது என்று பேசியே புரியவைக்கிற வேலை. கீரனூர் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். தினமும் திருச்சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு, தொங்கிக்கொண்டே திரும்புகிற பிழைப்பு அதோடு ஒழியும். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சத்தம் வராதவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?

கேமராவும் அதோடு ஒட்டியிருந்த மைக்கும் சரியாகத்தான் இருந்தன. கம்பெனி அனுப்பிய லிங்க்கைத் திறந்தான். 'காத்திருக்கவும், விரைவில் அழைப்பார்கள்' என்று வந்தது. அதைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளையெல்லாம் காட்டும் பக்கத்துக்குப் போனான். ஸ்பீக்கருக்கு நேராக மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி நின்றது.

"பாத்தியா, அதுவே ஆச்சரியப்படுது, இவனெல்லாம் ஒரு மெக்கானிக்கான்னு!"

"மொதல்ல உக்காருங்க. காலையில போட்டீங்களே, அது நம்ம கம்ப்யூட்டருக்கு உள்ளதுதானா?"

அருள்தாஸ் தான் இறக்கிய ஃபைலின் பெயரைப் பார்த்தான். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஏதோ ஒரு லேப்டாப்புக்கு உள்ளது."

"பரவால்லங்க. எல்லாருக்கும் நடக்குறதுதான்."

"எல்லாருக்கும் நடக்கலாம். மேல டை, கீழ கைலியோட ஒக்காந்துக்கிட்டு, எனக்கு எட்டு வருஷ அனுபவம்னு அளக்கப் போறவனுக்கு நடக்கலாமா?"

"பழைய ட்ரைவருக்கே திரும்பிப் போக வழி இல்லையா?"

"அந்தப் பட்டன் மங்கிக் கெடக்கு. அமுக்க முடியல."

மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினான். ஒன்றும் ஆகவில்லை. எழும்போது மண்டை மேசையில் இடித்ததுதான் மிச்சம்.

"எனக்கு இந்த வேலையைக் குடுத்தா அந்தக் கம்பெனியே உருப்படாது, ரீட்டா!"

"இந்தாங்க, தண்ணியைக் குடிங்க."

"தண்ணி குடிச்சா சத்தம் வந்துருமா? ட்ரைவர்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? போ அங்கிட்டு!"

ரீட்டா போகவில்லை. முகமும் சுருங்கவில்லை.

"தெரியாதுங்க. அதான் கேக்குறேன். இப்ப கீரமங்கலத்துல இருந்து ஒருத்தர் போன் பண்றார்னு வைங்க. தப்பான ட்ரைவரைப் போட்டுட்டேன், பழசுக்கும் போக முடியல, என்ன செய்யன்னு அழுவுறாரு. அவருக்கு என்ன சொல்லுவீங்க?"

"மொதல்ல அதை முழுசா அழிங்க. அப்புறம் கம்ப்யூட்டரைப் புதுசா தேடச் சொல்லுங்க, அதுவே சரியானதை எடுத்துப் போட்டுக்கும்னு சொல்லுவேன்."

"அதையே ஒங்களுக்குச் சொல்லிக்கங்க."

அருள்தாஸ் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு மவுஸைப் பிடித்தான்.

"அழிக்கவா?"

"அழிங்க."

"ட்ரைவரையும் சேத்து அழிக்கவான்னு கேக்குது?"

"கீரமங்கலத்துக்காரருக்கு என்ன சொல்லுவீங்க?"

"டிக் அடிங்கன்னு சொல்லுவேன்."

"அப்ப அடிங்க."

பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது. "மாதாவே, சத்தம் மட்டும் வந்துரட்டும், ஆவூர் கோயிலுக்கு நடந்தே வாரேன்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டான் அருள்தாஸ். ரீட்டா பதறாமல், "அது வரட்டுங்க, அவசரமில்ல" என்றாள்.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது. 'டிங்' என்றது ஸ்பீக்கர்.

அருள்தாஸுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடியே விட்டான்.

ஸ்பீக்கர் சிரித்தது. ஒருவர் சிரிப்பல்ல, பல பேர் சிரிப்பு.

கீழே தள்ளியிருந்த நேர்காணல் ஜன்னலைப் பெரிதாக்கினான். உள்ளே மூன்று முகங்கள். மூலையில் சின்னக் கட்டத்தில், டையும் மடித்த கைலியுமாக அவனே நின்றுகொண்டிருந்தான்.

"வணக்கம், அருள்தாஸ்." நடுவிலிருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "நாங்க சரியா பதினோரு மணிக்கே வந்துட்டோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், உங்களுக்குத்தான் கேக்கலை. எங்களுக்கு எல்லாமே கேட்டுச்சு. எல்லாமே தெரிஞ்சுது."

"மேடம்... மன்னிச்சிருங்க மேடம். கேள்வி ஏதாச்சும் கேளுங்க, சொல்லிருவேன்."

"கேள்வியே வேண்டாம். எங்க வேலையில ட்ரைவரைப் பத்தி யார் வேணாலும் படிச்சுக்கலாம். கோபத்துல கத்துற கஸ்டமர்கிட்ட தானும் கோபப்படாம, பேசியே அவர் கையாலயே சரி பண்ண வைக்கிற ஆள்தான் கிடைக்கிறதில்லை. இன்னைக்குக் கிடைச்சாச்சு."

அருள்தாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டையை நேராக்கிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ரொம்ப நன்றி மேடம்!"

"நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அருள்தாஸ். உங்க மனைவி எப்போ வேலையில சேர முடியும்னு கேக்கணும்."