தனியாக வந்த சம்பந்தி

"அருவியில ஆடுச்சே ஒரு புள்ள, அது நம்ம தெருதானாம்லா!"

பால் வாங்க நின்ற ஜோதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் இரண்டு பெண்கள் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் போன் பைக்குள் போய்விட்டது.

பால் வாங்காமலே வீட்டுக்கு ஓடினாள்.

மகள் சுகந்தி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். தோழி ஒருத்தி அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டாரும் இவர்களும் சேர்ந்து ஐந்தருவிக்குப் போனார்களே, அன்று யாரோ எடுத்தது. நனைந்த சுடிதாரோடு கையைத் தூக்கிச் சிரிக்கிறாள் சுகந்தி. மேலே, 'குத்தாலத்துல சீசன் சூடு'. கீழே, வாசிக்கக் கூசும் வார்த்தைகள்.

"துப்பட்டா எங்கட்டி?"

"அருவிக்குள்ள யாரும்மா துப்பட்டா போட்டுக் குளிப்பா?"

"அதுக்காக ஆடணுமா? பொம்பளப் புள்ளைக்கு ஒரு அடக்கம் வேண்டாம்?"

"நீயும் பக்கத்துல நின்னு ஆடுனியேம்மா!"

ஜோதிலட்சுமி போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா குத்தாலிங்கம்தான் மெல்லக் கேட்டார். "போலீஸ்ல சொல்லுவமா?"

"சொல்லி? தெரியாதவங்களுக்கும் நாமளே காட்டவா? மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா இசக்கிச்செல்வி, புளியங்குடியிலிருந்து.

"வீட்லதான இருக்கீங்க மைனி? நான் மட்டும் வாரேன். நேர்ல பேசணும்."

வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

"தெரிஞ்சு போச்சு" என்று உட்கார்ந்துவிட்டாள் ஜோதிலட்சுமி. "ஏட்டி, அவிய என்ன கேட்டாலும் வாயத் திறக்காத. தலையைக் குனிஞ்சு நில்லு. மன்னிச்சிருங்க அத்தைன்னு மட்டும் சொல்லு."

"நான் என்ன பண்ணேன், மன்னிப்புக் கேக்க?"

"கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

இசக்கிச்செல்வி வந்தபோது கையில் பூ இல்லை, பழம் இல்லை. கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை. வந்த அவசரத்தில் சேலைத் தலைப்பு தாறுமாறாகக் கிடந்தது.

"சுத்தி வளைக்காம சொல்லிருதேன். இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"மைனி!" ஜோதிலட்சுமி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "சின்னப் புள்ள, தெரியாம ஆடிட்டா. இனிமே அந்தப் பக்கமே போக மாட்டா. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"விடுங்க. என் கால்ல நீங்க விழுந்தா அந்தப் பாவம் வேற எனக்கு வேணுமா?"

இசக்கிச்செல்வி சுகந்தியைப் பார்த்தாள். தலையைக் குனியாமல்தான் நின்றாள் அவள்.

"அன்னைக்கு நாம எல்லாரும் அருவியில நின்னோம். நம்ம பையையெல்லாம் பாத்துக்கிட்டு, நனையாம வெளியில நின்னது யாரு மைனி?"

ஜோதிலட்சுமி அன்று வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை விஜயசங்கர்.

"அவன்தான் எடுத்திருக்கான். எடுத்து, கூட்டாளிகளுக்கு அனுப்பிருக்கான். கூட ஒரு வரி எழுதிருக்கான், அதை என் வாயால சொல்ல மாட்டேன். அதுல எவனோ ஒருத்தன் ஊருக்கே விட்டுட்டான்."

கைப்பையைத் திறந்து மகனின் போனை எடுத்தாள்.

"குளிக்கப் போனான். தூக்கிட்டு வந்துட்டேன். பூட்டு நம்பர் அவன் பொறந்த வருசம்."

போன் அவள் கையிலேயே அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது.

இசக்கிச்செல்வி அதைத் துண்டித்து, போனைச் சுகந்தியின் கையில் வைத்தாள்.

"கிளம்புட்டி, ஸ்டேஷனுக்கு. பெத்தவ நானே எழுதிக் குடுக்கேன்."

சொல்லிவிட்டு முதலில் படியிறங்கி, தெருவில் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.