மடி வாசிப்பு

இவளுக்குப் படிக்கத் தெரியும்.

அப்படித் தோன்றிய பிறகும் அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

அவள் மடியில் மகள். மகளின் மடியில் புத்தகம். பேருந்து நிலையத்துப் பெயர்ப்பலகையில் கூடு கட்டிய ஒரு காக்கையின் கதை. இன்று காலைதான் நூலக அலமாரியிலிருந்து முதல்முறையாக எடுத்தது. அச்சு வாசனைகூடப் போகவில்லை.

வாரம் ஆறு நாளும் பனியன் கம்பெனியில் நின்றபடி தையல் பிசகைத் தேடுகிற கண்கள். ஞாயிற்றுக்கிழமை எழுத்தைப் பார்த்தால் கலங்கிவிடுகின்றன. அப்படித்தான் ஒரு வரி தவறிப்போனது.

தவறியது அவளுக்குத் தெரியவில்லை.

மகளின் சுட்டுவிரல் தாளில் ஊர்ந்து மேலே போனது. விட்ட வரியின் தொடக்கத்தில் நின்றது.

அவள் திரும்பிப் போய் அந்த வரியை வாசித்தாள்.

விரல் இறங்கியது.

அடுத்த பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுப்பார்த்தாள்.

விரல் மறுபடியும் ஏறியது. பாதி வழியில் நின்றது. ஏதோ நினைவு வந்ததுபோல மடங்கிக் கைக்குள் போய்விட்டது.

மறைக்கிறாள்.

எதற்கு?

அந்தக் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை மடி வாசிப்பு. கீழ்த்தளத்தில் ஜமக்காளம் விரித்திருக்கும். பெற்றவர் மடியில் பிள்ளை உட்கார்ந்து கதை கேட்கும். தானாகப் படிக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை மாடிக்குப் போய்விடும். அங்கே ஆளுக்கொரு நாற்காலி. பெரியவர்கள் ஏறக்கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்பு, பக்கத்து வீட்டு தர்ஷித் மாடிக்குப் போனான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் அம்மா செருப்பு விடும் இடத்தில் ஒரு மணி நேரம் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகள் அன்றைக்குக் கைதட்டவில்லை. மாடிப்படியையும் செருப்புகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கா?

அவள் தன் முகவாயை மகளின் உச்சந்தலையில் வைத்தாள். காலையில் தேய்த்துவிட்ட சீயக்காயின் வாசம்.

மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்தால் அடுப்பு, துணி, தண்ணீர்க்குடம். மகள் பின்னாலேயே நடந்து நடந்து பேசுவாள். அவளும் நின்றுகொண்டே பதில் சொல்வாள். நின்ற கால்கள் மடியாக மாறுவது இங்கேதான்.

பக்கத்து ஜமக்காளத்தில் ஒரு அப்பா தொண்டை கிழிய வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, முயலுக்குப் போயி இத்தன பெரிய கொரலா?" என்றாள் அவருடைய பெண்.

"முயலுக்குச் சளி புடிச்சிருக்குது சாமி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மடியில் மகளும் குலுங்கினாள். அந்தக் குலுக்கல் அவள் வயிற்றில் பட்டது.

என் மகளுக்குப் படிக்க வந்துவிட்டது. நாளைக்கு வேலைக்குப் போனதும் எதிரில் நிற்கிறவளிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி. மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சொல்ல வேண்டிய சேதி. இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று தெரிந்தபோதும் அது உள்ளே தித்தித்துக்கொண்டுதான் இருந்தது.

நூலகர் கோமதி மேடம் பதிவேட்டோடும் மூடி திறந்த பேனாவோடும் வந்து அவர்கள் முன்னால் குனிந்தார்.

"நேத்ராவுக்கு ஏழு வயசு முடிஞ்சுருச்சுங்களே. இந்நேரம் படிக்க வந்திருக்கோணுமே. மாடில ஒரே ஒரு எடம் இருக்குது. தானாப் படிக்கறான்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னைக்கே ஏத்தி விட்டரலாம்."

நல்ல மனுஷி. நல்லதற்குத்தான் கேட்கிறார். மாடியில் சுவர் முழுக்கப் புத்தகம் என்று தர்ஷித் சொல்லியிருக்கிறான்.

மடியில் அசைவே இல்லை. மகளின் பார்வை காக்கைப் படத்தைவிட்டு விலகவில்லை. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

ஒரு நாள் இவளே எழுந்து அந்தப் படிகளில் ஏறுவாள். யார் கையெழுத்தும் தேவைப்படாது. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பார்க்கக் கூடாதுதான். அன்றைக்கு நானும் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

"அவளுக்கு இன்னும் வரலீங்க மேடம்."

"எழுத்துக்கூட்டிக்கூடவா?"

"மெதுவாத்தானுங்க வருது."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம்," என்றாள் மகள், யாரும் கேட்காமலே.

கோமதி மேடம் மகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நீட்டிய பேனாவை இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அதை வாங்கினாள்.

மூடியைப் போட்டு, அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.