உப்புக்கண்ட ஜாடி

"உப்புக்கண்டத்த எங்க கொட்டின?"

மருமகள் தேவிப்ரியாவைக் கேட்டாள் மாமியார் பூங்காவனம்.

பூங்காவனத்தின் கையில் காலி ஜாடி. கூடத்தில் மகள் சுபலட்சுமி, முழுகாமல் இருக்கிறவள். கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு பஸ் ஏறி வந்ததே அம்மா போட்ட உப்புக்கண்டத்துக்காகத்தான். சாயந்திரம் டப்பாவில் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு.

"குப்பையில போட்டுட்டேன் அத்தை."

"ஏன்?"

தேவிப்ரியா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பூங்காவனம் ஜாடிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்துவிட்டாள்.

"காலி ஜாடியே இன்னும் கமகமன்னு இருக்கு. கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லிடாத. காலையிலதான் தொறந்து மோந்து பாத்தேன்."

தேவிப்ரியா சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லல. எனக்கு அந்த வாடையே புடிக்கல. அதான் கொட்டிட்டேன்."

கேட்டீர்களா, பிடிக்கவில்லையாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே உப்புக்கண்டத்தை வறுத்து, இன்னொரு கரண்டி சோறு கேட்டுத் தின்றவளுக்கு இன்றைக்குப் பிடிக்காமல் போய்விட்டதாம்.

பூங்காவனம் காலி ஜாடியை மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கறியில உப்பும் மஞ்சளும் தடவி, நூல்ல கோத்து, ஒடிச்சா படக்குன்னு ஒடியற வரைக்கும் மாடியில காயவெச்சேன். காக்கா தூக்கினு போவாம காவல் இருந்தேன். அடுப்படியில எலி வருதேன்னு தறிக்குழி ஓரமா பத்திரப்படுத்தினேன். எல்லாம் குப்பைக்குப் போடவா?"

"என்னம்மா ஆச்சு? ஜாடிய குடு, நானும் பாக்கறேன்" என்று சுபலட்சுமி எழுந்து வந்தாள்.

தேவிப்ரியா மாமியார் கையிலிருந்து ஜாடியை வெடுக்கென்று பிடுங்கினாள். மூடியை இறுக்கி, அடுப்பு மேடைக்கு அடியில் தள்ளினாள்.

"காலி ஜாடியக்கூட நான் தொடக்கூடாதா அண்ணி?" சுபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவ்வளவுதான், பூங்காவனம் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"விடு சுபா. உன் வயித்தப் பாத்து இவ வயிறு எரியுது. தனக்கு இன்னும் ஒண்ணும் இல்லன்னு..."

"அம்மா, போதும்" என்றான் தறியிலிருந்த குமரேசன். சொன்னானே தவிர, அவனும் பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை.

தேவிப்ரியா ஈரத்துணியை எடுத்து மேடையைத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தாலாவது தேவலை.

சுபலட்சுமி வெறும் கையோடு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட பூங்காவனமும் கூடப் போனாள். மருமகளிடம் போய்வருகிறேன் என்றுகூட இரண்டு பேரும் சொல்லவில்லை.

குமரேசன் தறியை விட்டு எழுந்து வந்தான்.

"புள்ளத்தாச்சிப் பொண்ண அழவெச்சு அனுப்பிட்டியே. அப்படி என்ன வாடை புடிக்கல உனக்கு?"

"வேணாங்க, விடுங்க."

அவள் தடுப்பதற்குள் ஜாடியை இழுத்துத் திறந்துவிட்டான்.

புளித்துப்போய் அழுகின நாற்றம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு ஒன்று கொழகொழவென்று பச்சைப் பூஞ்சை பூத்துக் கிடந்தது.

பட்டு இழை அறுந்துவிடக் கூடாது என்று அவனே தினமும் தண்ணீர் தெளிக்கிற இடம் தறிக்குழி. அந்த ஈரத்தில் கொண்டுபோய் வைத்தால் உப்புக்கண்டம் எப்படித் தாங்கும்?

"இதையா சுபா தின்ன இருந்தா..." மூடியை அழுத்தி மூடினான். "கெட்டுப்போச்சுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? எவ்ளோ பேச்சு வாங்கினு நின்ன. அம்மாவே மோந்து பாத்து கமகமன்னு இருக்குன்னு..."

பாதியில் நிறுத்தினான்.

தேவிப்ரியா ஜாடியை வாங்கி சோப்புத் தண்ணியில் அமுக்கினாள்.

"பால் தீஞ்ச வாடைகூட அவங்களுக்குத் தெரியறதில்லைங்க. போன வருஷம் காய்ச்சல்ல படுத்து எழுந்ததிலேர்ந்து."

"அம்மாவுக்கு அது தெரியுமா?"

"தெரியும். நமக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்காங்க. நீங்களும் மூச்சு விடாதீங்க."