முதலாளியின் பாராட்டு

பயிற்சிப் பணிக்கான விண்ணப்பத்தில், தன்னைப் பற்றி விசாரிக்க ஒரு முதலாளியின் பெயரைக் கேட்டிருந்ததைப் பார்த்ததும் லோவிசா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே முதலாளி, ஸ்டாக்ஹோமில் காபிக்கடை நடத்தும் பெரிட்தான்.

“தினமும் உன்னைத் திட்டித் தீர்க்குமே, அந்தப் பொம்பளையா? உருப்பட்டாப்லதான்!” என்று தோழி எப்பா சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் லோவிசா அந்தப் பெயரையே எழுதினாள். இடம் கிடைத்துவிட்டது!

“உங்க முதலாளி அரை மணி நேரம் விடாம புகழ்ந்தாங்க” என்றார் அலுவலக அதிகாரி.

லோவிசா பூங்கொத்தோடு கடைக்கு ஓடினாள். “உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், பெரிட்!” என்று கண் கலங்கினாள்.

“மூக்கைச் சிந்தாதே” என்றாள் பெரிட். “நீ எத்தனை கோப்பையை உடைச்சாலும், நிரந்தர ஆளை நான் துரத்த முடியுமா? யூனியன்காரன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான். நீயாப் போனாத்தான் எனக்கு விமோசனம். பூவை வெச்சிட்டு, என்னைக்குக் கிளம்புறேன்னு சொல்லு!”