எவோரா வரைக்கும் சார்ஜ்

ஃபிரிட்ஜை ஒதீலியாவே அணைத்துவிட்டாள். உள்ளே இருந்த வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அனிசேத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மனைவி அவன் கொள்கைக்கு இப்படியொரு மரியாதை செய்ததே இல்லை.

கொள்கை வேறொன்றுமில்லை. வெளியிலிருந்து கரண்ட் கம்பி வீட்டுக்குள் வரக் கூடாது. கூரையில் ஒன்பது சோலார் பலகைகள், கொட்டகையில் பாட்டரிகள், வாசலில் பழைய மின்சாரக் கார். அந்த வெயில் வீட்டுக்குப் போதும், இல்லையென்றால் காருக்குப் போதும். இரண்டுக்கும் சேர்த்துப் போதாது என்பதை மட்டும் மனிதர் ஒப்புக்கொண்டதே கிடையாது.

ஆகவே வாஷிங் மெஷின் பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரைதான். மேகம் வந்தால் அதுவும் இல்லை. ஃபேன் போட அனுமதி கேட்க வேண்டும். பஸ் எட்டிப் பார்க்காத அந்தக் குன்றில் ஒதீலியா இப்படித்தான் மூன்று கோடைகளைத் தள்ளியிருந்தாள்.

இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை எவோரா நகரத்தில், அவள் தங்கை வீட்டில் ஞானஸ்நான விருந்து. நூற்று நாற்பது கிலோமீட்டர். ஈஸ்டருக்குப் போனபோது கார் பாதி வழியில் படுத்துக்கொண்டு, இழுவை வண்டியின் முதுகில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தது. சகலை கஸிமீரு தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். போன மானத்தை இந்த ஞாயிறு மீட்டே ஆக வேண்டும்.

"நாலு நாளைக்கு வீட்ல எதையும் போட வேண்டாம். வெயில் மொத்தமும் காருக்கே போகட்டும்" என்றாள் ஒதீலியா.

"ஃபேனு?"

"வேண்டாம்."

"நாப்பத்திரெண்டு டிகிரி அடிக்குதே!"

"உன் காரைவிட என் வேர்வை பெருசா?"

கிண்டலாக இருக்குமோ என்ற சந்தேகம் வேறு யாருக்காவது வந்திருக்கும். அனிசேத்து அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

நான்கு நாளும் காய்ந்த ரொட்டி, டப்பா மத்தி மீன். மணிக்கொரு தரம் ஒதீலியாவே போய் காரில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்து வந்தாள். அதுவரை அந்தக் காரைக் கடக்கும்போதெல்லாம் டயரை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனவள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நூறு தொட்டது. டிக்கியைச் சோதித்த அனிசேத்து அலறினான்.

"கம்பளிக் கோட்டா? ஆகஸ்ட் மாசத்துலயா?"

"இருக்கட்டுமே."

"எடை ஏறினா பாட்டரிய உறிஞ்சிரும் ஒதீலியா!"

கோட்டைத் தராசில் போட்டான். ஒரு கிலோ எண்ணூறு. அதற்கு ஈடாகத் தன் குடையையும் மாற்றுச் செருப்பையும் வெளியே எடுத்து வைத்தான். கணக்குச் சரியாகிவிட்டதாம்.

ஞாயிறு காலை டை கட்டிக்கொண்டு வந்தபோது ஒதீலியா ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அனிசேத்து மறுபக்கக் கதவை இழுத்தான். திறக்கவில்லை.

"சரி, நீயே ஓட்டு. கதவைத் திற. ஏசி போடாத, அறுபதைத் தாண்டாத, ஜம்முனு போய் இறங்கிடலாம். கஸிமீரு மூஞ்சியப் பாக்கணுமே!" என்றவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு சிக்கல்தான். திரும்பி வர்றதுக்கு சார்ஜ் பத்தாது. அவன் வீட்டு பிளக்ல போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்கணும். இதுக்கு என்னதான் வழின்னு தெரியல."

ஒதீலியா ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டாள். பிறகு கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

"எனக்குப் போறதுக்கு மட்டும் போதும், அனிசேத்து."